ஆணிக்கடையில் இருநூற்றுப் பதினோரு பேர்

கணக்குப்படி, சென்ற ஆண்டு எங்கள் துறைமுக நகரில் டெங்கு வந்த இருநூற்றுப் பதினோரு பேர் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். அது வீடுகூட அல்ல. ஆணி, சங்கிலி, பெயிண்ட் விற்கும் கடை. சுகாதாரத் துறை அசரவில்லை. வாரம் தவறாமல் ஆளனுப்பிக் கடைக்குக் கொசுப்புகை போட்டது. கடைக்காரருக்கு இருமல் வந்ததுதான் மிச்சம்.

இதைக் கண்டுபிடித்தவர் பொது சுகாதார ஆய்வாளர் டாக்டர் நுபியா ரெந்தேரியா. அவருக்குப் படிவம் நிரப்பும் கல்லூரி மாணவனான எனக்கு ஆச்சரியமே இல்லை. கல்லூரியில் நான் கொடுத்திருப்பதும் அதே முகவரிதான். கடல்நீருக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் எங்கள் லா மரேயாவின் பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது; ஆஸ்பத்திரியில் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே பேட்டை மொத்தமும் ஆணிக்கடையில் வசித்தது. விளைவு, மரேயாவில் நோயாளிகள் பூஜ்யம். நோயில்லாத இடத்துக்கு நர்ஸ் எதற்கு என்று, இருந்த ஒரே சுகாதார நிலையத்தையும் மாதக் கடைசியில் மூடப்போகிறார்கள்.

ஓட்டலில் மீன் சமைக்கும் எவாங்கெலினாவின் மகளுக்கு ஏழாம் மாதம், ரத்தக்கொதிப்பு வேறு. அந்த நர்ஸை விட்டால் அவளைப் பார்க்க ஆளில்லை.

“முகவரியத் திருத்திக் குடுத்தா மூட மாட்டாங்களா டாக்டர்?” என்று நுபியாவிடம் கேட்டார் எவாங்கெலினா.

“மூடறது கஷ்டம். ஆனா ஓட்டலுக்குத் தெரிஞ்சா உங்க வேலை போகலாம். நான் பொய் சொல்ல விரும்பல.”

“நாங்க சொன்ன பொய்யே தாராளமா இருக்கு. நீங்க வேற எதுக்கு?”

மறுநாள் காலை சுகாதார அலுவலக சன்னலில் எவாங்கெலினாதான் முதல் ஆள். அடுத்து நான். எங்களுக்குப் பின்னால் பேட்டைக்காரர்களின் வரிசை தெருவரை நீண்டது.

குமாஸ்தா கணினியில் லா மரேயாவைத் தேடினான். “அப்படி ஒரு எடமே பட்டியல்ல இல்லம்மா. பழைய முகவரியே இருக்கட்டுமே.”

“அங்க இருநூத்திப் பதினோரு பேரு தம்பி. பொரண்டு படுக்க எடமில்ல.”

வரிசை சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

“இல்லாத எடத்த நான் எப்படி எழுதறது?”

“நாப்பது வருசமா அங்கதான் தூங்கி எந்திரிக்கிறேன். எழுது, நிக்கறேன்.”

“டைரக்டர் கையெழுத்து வேணும். அவர் மத்தியானம்தான் வருவாரு.”

“வரட்டும்.”

மணி பத்தரை. எவாங்கெலினாவின் போன் அடித்தது; ஓட்டல் மேனேஜர். அவர் அதைச் சன்னல் பலகையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“எங்க இருக்க? அடுப்பு காலியா கெடக்கு.”

“எங்க ஊர்க்காரங்களோட நிக்கறேன் சார்.”

“எந்த ஊரு?”

“லா மரேயா.”

  நான் ஓரடி முன்னால் நகர்ந்தேன். எனக்குப் பின்னாலும் செருப்புகள் நகர்ந்தன. குமாஸ்தாவின் திரையில், காலியான முகவரிக் கட்டத்துக்குள், சின்னக் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.