இருதயமேரியின் வீட்டு இங்கிலீசு

விழுப்புரம் ரயில்வே பங்களாவில் இருதயமேரி நாலு வருஷம் ஆயாவாக இருந்தாள். இஞ்சினியர் துரை கடல் கடந்து எங்கெங்கோ ரயில் பாதை போட்டுவிட்டு வந்தவர். அவர் மனைவி எலேனா அம்மாள் குழந்தையோடு பேசுவதைக் கேட்டுக் கேட்டே இருதயமேரிக்கு இங்கிலீசு வந்துவிட்டது. துரை பேசுவதுதான் புரியாது. அது ஆபீஸ் இங்கிலீசு, அம்மாள் பேசுவது வீட்டு இங்கிலீசு என்று நினைத்துக்கொண்டாள். துரை உள்ளே வந்தால் அம்மாள் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவாள். மரியாதை என்று அதையும் எடுத்துக்கொண்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் அவர்கள் சீமைக்குப் போய்விட்டார்கள். மறுவருஷம் பெரியப்பா மகன் சவுரிராயன் வந்தான். திண்டிவனத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் வீட்டில் அவன் பட்லர்.

"இங்கிலீசு தெரிஞ்ச ஆயா வேணுமாம். ஜல்தியா கெளம்பு."

டாக்டரின் மனைவி வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். இருதயமேரி கும்பிட்டாள்.

"புவேனோஸ் தியாஸ், செஞோரா."

குளிப்பாட்டத் தெரியும், சோறு ஊட்டத் தெரியும், பாடித் தூங்கவைக்கத் தெரியும் என்று தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். துரைசானியின் கோப்பை வாயருகே அப்படியே நின்றது. சவுரிராயனிடம் ஏதோ கேட்டாள். இருதயமேரிக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

"என்னாண்ணே சொல்றாங்க?"

"நீ பேசறது என்னா பாஷைன்னு கேக்கறாங்க."

"இங்கிலீசுதான்."

"இது இங்கிலீசு இல்ல, மேரி."

டாக்டர் வந்து, திரும்பப் பேசச் சொல்லிக் கேட்டார். அவர் சொன்னதைச் சவுரிராயன் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான்.

"ஸ்பானிஷாம். அர்ஜென்டினான்னு ஒரு தேசத்துல பேசறதாம். அங்க ரயிலு ஓட்டறது முக்காவாசி வெள்ளக்காரன் கம்பெனிதானாம். உங்க தொரை அங்க வேலை பாத்து, அந்த ஊரு பொண்ணைக் கட்டிக்கினு வந்திருப்பாருன்றாரு."

இருதயமேரி தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு பெரிய பங்களாவில் அந்த அம்மாள் தன் சொந்தப் பேச்சில் பேசியது இருதயமேரியோடும் குழந்தையோடும் மட்டும்தான். அது தெரியாமலே நாலு வருஷம் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தமிழே போதும் என்று துரைசானி வேலை கொடுத்தாள். சவுரிராயனுக்கு மூச்சு வந்தது.

"தப்பிச்சோம். ஏன் இப்புடி பேயறைஞ்ச மாதிரி இருக்கற?"

"அண்ணே, இப்ப அந்தம்மா யாரோட பேசிக்கினு இருப்பாங்க?"

காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு அவன் உள்ளே போனான்.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்தாள். முதல் வாரம் முழுக்க, மடியில் கிடந்த டாக்டர் வீட்டுக் குழந்தையோடு பேச வாயெடுத்தால் எலேனா அம்மாளின் பேச்சே வந்தது; வாயை மூடிக்கொண்டாள்.