நேர்ச்சைக்குப் போன ராணி

என் புருஷன் றஸாக்குக்கு ஒரு ராணிமேல் ஆசை. செத்து எழுநூறு வருஷத்துக்கு மேலான ராணி என்பதால் நான் பொறுத்துக்கொண்டிருந்தேன். கல்முனைக் கடைத்தெருவில் எங்களுக்குப் புடவைக்கடை. கல்லோயாத் திட்டத்தில் வாய்க்கால் வெட்டியவர்களுக்குப் புதுச் சாரனைக் கொடுத்துவிட்டு, மண்ணில் கிடைத்த பச்சை பிடித்த செப்புக்காசுகளை வாங்கி வருவார். பொலன்னறுவை ராசாக்கள் எல்லாரும் எங்கள் தகரப்பெட்டிக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். லீலாவதி மட்டும் வரவில்லை. மூன்று தரம் சிம்மாசனம் ஏறி, மூன்று தரமும் இறக்கப்பட்டவளாம். அவள் பெயர் பொறித்த காசு கிடைக்காமலே மௌத்தாகிவிடுவேனோ என்று சோறு தின்னும்போதுகூடப் புலம்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், நாகூர் ஆண்டவர் பேரிலான கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்தன்று, எங்களுக்கு மீன் கொண்டுவரும் தங்கரத்தினம் மணலில் எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். புயலில் தோணியோடு காணாமல் போன அவள் புருஷன் கந்தப்போடி, கால் முறிந்து, உயிரோடு தெற்கே கோமாரி ஊரில் கரையேறியிருந்தான். அவனுக்காக நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசை அவள் அன்று செலுத்த வேண்டும். அந்த நெரிசலில் பெண்கள் உண்டியலடிக்குப் போக முடியாது.

"அண்டைக்குக் கையில ஒரு சதமும் இல்லகா. கடல் அரிச்ச மண்ணுக்க இதுதான் கெடந்த. இதைக் காட்டித்தான் ஆண்டவரிட்டக் கெஞ்சின நான்," என்று என்னிடம் சொல்லியபடி முடிச்சை அவிழ்த்தாள்.

றஸாக் அதை வாங்கி வெயிலில் பிடித்தார். உதடுகள் எழுத்துக்கூட்டின. பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"லீலாவதி," என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். கோணலாக நிற்கும் ஓர் உருவம், மறுபக்கம் அவள் பெயர். நாட்டை ஆண்ட ஒருத்தி, மீன் செதில் ஒட்டிய துணிக்குள்ளிருந்து வந்திருந்தாள்.

"தங்கரத்தினம், இதுக்குப் பதிலா வெள்ளிக்காசா அள்ளிப் போடுறன். இதை எனக்குத் தாகா."

"ஏலா முதலாளி. அவர் ஆளைத் திருப்பித் தந்திட்டார். காட்டின காசுதான் போகோணும். நீங்களே போட்டிருங்க."

ஆசைப்பட்டுக் கேட்டவரின் கையிலேயே அதைக் கொடுத்துவிட்டு, அவள் நிம்மதியாக, கூட்டிவந்திருந்த புருஷனருகே போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்குத்தான் அவருடைய சாரன் மடி நினைவுக்கு வந்தது. அதில் எப்போதும் ஒரு செப்புக்காசு ராசா, பராக்கிரமபாகு, இருப்பான். அதே அளவு, அதே கோணல் உருவம், தடவித் தடவிப் பளபளத்துப் போனவன். உண்டியலுக்குள் விழுந்த பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?

பெண்கள் பக்கத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன். கொடி ஏறியது. கூட்டம் ஓதிய ஸலவாத்துச் சத்தத்தில் கடல் இரைச்சலே கேட்கவில்லை. உண்டியலருகே அவர் அசையாமல் நின்றார். பின்னால் வந்தவர்கள் இடித்துத் தள்ளினார்கள். அவருடைய கை மடிக்குப் போனது. அதற்குள் கூட்டம் மறைத்துவிட்டது. யா அல்லாஹ், இந்த மனிதர் நம்பிக் கொடுத்தவளை ஏமாற்றிவிட்டாரே என்று எனக்கு அழுகை வந்தது.

திரும்பி வந்தவருக்கு நான் முகம் கொடுக்கவில்லை.

"மடிய அவிழுங்க," என்றேன்.

ஒரே ஒரு காசுதான் இருந்தது. பளபளப்பான பராக்கிரமபாகு.

"மாத்திப்போடத்தான் கை போன, சுல்பிகா," என்றார். "ரெண்டையும் ஒண்டா வச்சுப் பாத்தன். இவன் என்ர மடிக்க சும்மா கெடக்கிறான். அவள் இவ்வளவு காலம் மண்ணுக்க கெடந்து, ஒழும்பி வந்து, ஒரு மனிசனக் கடலுக்க இருந்து மீட்டுட்டாள். நான் சேத்து வச்சிருக்கிறதெல்லாம் செல்லாக்காசு, புள்ள. அது இன்னும் செல்லுது."

சற்றுத் தள்ளி மணலில், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, தங்கரத்தினம் உடைத்துக் கொடுத்த கச்சான்கடலையைக் கந்தப்போடி ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் தின்பதையே நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.