வதாரிமோரி வீட்டுப் பெயர்

தெட்சுரோவுக்கு உடம்பெல்லாம் அடித்துப்போட்டாற்போல இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, கோயிலின் எண்பத்திரண்டு படிகளையும் ஏறி இறங்கியாயிற்று. எல்லாம் ஒரு பெயருக்காக.

மாமனார் குனியாசுவின் உத்தரவு அது. தெட்சுரோவின் ஒரே மகள் மினோரிக்கு ஒகிதா வீட்டு இரண்டாவது பையனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஜப்பான் சட்டப்படி புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே குடும்பப் பெயர்தான். அவள் அவன் பெயரை எடுத்துக்கொண்டால் வதாரிமோரி என்ற பெயர் பூண்டற்றுப் போகும்.

"ஞாயித்துக்கிழமை நீ போய் அந்தப் பையனோட அப்பாகிட்டக் கேளு, பையனை நம்ம பேருக்குக் கொடுக்கச் சொல்லி. கோயில் ஏட்டுலேருந்து நம்ம வம்சத்தை எழுதிட்டுப் போய்க் காட்டு. அப்புறம் எவன் மறுப்பான்?" என்றிருந்தார் கிழவர்.

கேட்கப் போகிறவர் யார்? முப்பத்தோரு வருஷத்துக்கு முன் தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு இந்த வீட்டுக்குள் நுழைந்த வீட்டோடு மாப்பிள்ளை. கையில் மூன்று பிடி தவிடு இருந்தால்கூட அப்படிப் போகாதே என்பது ஊர்ப் பழமொழி. தெட்சுரோ மூன்றாவது பிள்ளை. அவருக்கு அந்தத் தவிடும் இருக்கவில்லை.

வெள்ளத்தில் தவித்த பிரபுவை முன்னோர் ஒருவர் படகில் கரைசேர்த்தாராம். பிரபு மகிழ்ந்து, துறைப் படகோட்டி என்று பொருள்படும் இந்தப் பெயரைக் கொடுத்தாராம். முப்பத்தோரு புத்தாண்டிலும் கிழவர் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். ஏட்டைப் புரட்டிய குருக்களோ கொட்டாவி விட்டார்.

"பிரபுவா? எல்லாரும் பேர் வெச்சுக்கணும்னு மெய்ஜி சக்கரவர்த்தி காலத்துல அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு. படகுத்துறையில இருந்த ஏழு வீட்டுக்கும் எங்க கொள்ளுப்பாட்டனார்தான் ஒரே நாள்ல ஒரே பேரை எழுதிக் கொடுத்தார். சோம்பேறித்தனம், வேறென்ன!"

மற்ற ஆறு வீடும் எங்கோ போய்விட்டன. இந்த வீட்டில் பெயர் வாங்கியவருக்கு அப்புறம் செத்த ஆண்கள் இரண்டு பேர். இருவர் பெயருக்குப் பக்கத்திலும் 'மாப்பிள்ளையாக வந்தவர்' என்றிருந்தது. அடுத்து அப்படி வந்தவர் கிழவர். அதற்கடுத்து தெட்சுரோ. அவருக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

வீட்டில் கிழவர் சுமோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டு வந்தியா?"

"வந்தேன் அப்பா. பிரபுவும் இல்ல, வெள்ளமும் இல்ல."

கிழவர் தொலைக்காட்சியை அணைத்தார். "தெரியும். என் மாமனார் சொன்ன கதை. அறுபது வருஷமா சொல்லிச் சொல்லி எனக்கே நெசமாயிடுச்சு."

"நான் கேக்கப் போகல அப்பா."

"என்னடா சொல்றே? மலைக்கு அந்தப்பக்கம் எனக்கும் ஒரு பேர் இருந்துச்சு. இதுக்காகத்தானே விட்டேன். இது இன்னியோட போச்சுன்னா, நான் விட்டது எதுக்கு?"

தெட்சுரோவுக்குக் கிழவர்மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது, அவ்வளவுதான்.

"என்னைக் கேக்க நீங்கதான் வந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? உங்கப்பா நல்ல சாக்கே சாராயம் ஊத்திக் கொடுத்தார். சிரிச்சுக்கிட்டே சரின்னார்."

"நீங்க போனதும் ஈரத்துணி எடுத்துட்டு வாசலுக்குப் போனார். எங்க வீட்டுப் பெயர்ப்பலகையைத் துடைக்க ஆரம்பிச்சார். அதுல ஒரு தூசியும் இல்ல. சாப்பிடக் கூப்பிட்டா வரல. துடைச்சுக்கிட்டே இருந்தார்."

"என்கிட்ட நீ சொன்னதே இல்லையே."

"அவரும் யார்கிட்டயும் சொல்லல."

கிழவர் தன் முழங்காலைத் தடவினார்.

"அந்தப் பையனோட அப்பாவுக்கு என்ன வயசு?"

"என் வயசுதான்."

"ஞாயித்துக்கிழமை நீ போக வேண்டாம்," என்றார் கிழவர்.

தெட்சுரோவின் அப்பா செத்துப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. கிழவர் கேட்க வந்த அன்று அவருக்காக இந்த ஒரு வார்த்தையை யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?