மிக்ஸி ஜாரில் மிஞ்சியது

ஜூஸ் கடைக்காரருக்குச் சர்க்கரை என்று முந்தின நாள்தான் தெரிந்தது. "ஜூஸே வேணாம், தண்ணி குடிங்க" என்றுவிட்டார் டாக்டர். பதினெட்டு வருஷமாக ஜாரில் மிஞ்சுவதையெல்லாம் வாயில் கவிழ்த்துக்கொண்டவருக்குக் காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மதியம் ஆரஞ்சு ஜார் தானாக உதட்டுக்குப் போயிற்று. கல்லாவிலிருந்த மனைவி பார்த்தாள். அவர் மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"என்னண்ணே, உங்க ஜூஸை நீங்களே குடிக்க மாட்டீங்களா?" என்றார் ஜூஸ் டம்ளரோடு நின்ற வாடிக்கையாளர் ஒருவர், சந்தேகமாக.

"எனக்கு சுகர் தம்பி."

வாடிக்கையாளர் தன் டம்ளரையே வெறித்தார். "எங்கப்பாவுக்கும் சுகர்தாண்ணே. எனக்கும் தண்ணியே குடுங்க."

மனைவி முறைத்தாள். ஆனாலும் கடைக்காரர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, கூடவே ஓர் ஆரஞ்சை உரித்து வைத்தார்.