கண்ணாடியில் பட்ட விரல்

முதல் நாள் ஏமாந்தது எங்கள் பட்டுக்கடையில் புடவை விற்கும் கமலவேணி அக்காதான். திரையில் இருந்த பெண் சிரித்தபடி குங்குமத் தட்டை நீட்டியதும், அக்கா காற்றில் மோதிர விரலை வைத்து எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். அதன் பிறகுதான் விரலைப் பார்த்தாள். விரலில் ஒன்றும் இல்லை.

"ஐயோ, இன்னாடி இது! இந்த வயசுல என்னையே ஏமாத்திட்டாளே இந்தக் கண்ணாடிக்காரி" என்று சொல்லி, விரித்திருந்த பாயில் உட்கார்ந்து சிரித்தாள். முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்த குடும்பமும் சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. கோர்வைக் கரையும் முந்தானையும் துணியாகவே கண்முன் நிற்க வேண்டும் என்றுதான் அவர் ஆளுயரத்துக்கு அந்தத் திரையை வாங்கியிருந்தார். குங்குமத் தட்டு, திரையைப் பொருத்த வந்தவர்கள் வரவேற்புக்கு இருக்கட்டும் என்று சேர்த்தது. ஆனால் அந்த வாரமே காந்தி ரோட்டில் எங்கள் கடைக்கு 'தட்டு நீட்டுற கடை' என்று பெயர் வந்துவிட்டது. முதலாளியும் சிரிக்க ஆரம்பித்தார்.

நான் இயற்பியல் படித்தவள். அதனால் திரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. புடவை விரித்துப் பேசி விற்கும் வேலை எனக்கு வராது. இதில் பேச்சு குறைவு. யாராவது கேட்டால் மட்டும் சொல்வேன். முப்பரிமாணச் சினிமாவில் மூக்கில் மாட்டிக்கொள்ளக் கொடுப்பார்களே, அந்தக் கண்ணாடி இதற்கு வேண்டாம். திரையின் மேல் மெல்லிய வரிகள் நெடுக்காக ஒட்டியிருக்கின்றன. அவை இடது கண்ணுக்கு ஒரு படத்தையும் வலது கண்ணுக்குச் சற்றே மாறிய இன்னொரு படத்தையும் அனுப்பும். மேலே இருக்கும் கேமரா, எதிரில் நிற்பவரின் கண்களைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு படத்தையும் ஒன்றாக்கி, அங்கே ஒரு தட்டு இருக்கிறது என்று முடிவு செய்வது நம் மூளை. இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர்கள் தட்டுக்குக் கை நீட்டியிருப்பார்கள்.

வேறு ஊராக இருந்தால் வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். இங்கே அம்மன் கோயிலில் குங்குமம் வாங்கி வளர்ந்த கைகள். தட்டைக் கண்டால் யோசிக்காமல் போகும். பெண்கள், ஆண்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரப்பட்டவர்கள், எல்லோரும் எடுத்து இட்டுக்கொண்டார்கள். நான் ஓரமாக நின்று பார்ப்பேன். தட்டு முன்னால் வரும்போது எல்லோர் கழுத்தும் கொஞ்சம் பின்னால் போகும். பிறகு விரல் நீளும், கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் அந்தரத்தில் நிற்கும். யாருடைய விரலும் அதைத் தாண்டிப் போனதில்லை. காலையில் நான் கண்ணாடியைத் துடைத்தால் துணியில் தூசுதான் ஒட்டும். விரல் ரேகை இருக்காது.

தினேஷ், என் கணவர், பள்ளி வேன் ஓட்டுகிறார். தாமல், திருப்புட்குழிப் பக்கத்துக் குழந்தைகளைக் காலையில் ஊருக்குள் இருக்கும் பள்ளிக்குக் கொண்டுவந்து, சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். நடுவில் அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் கடைக்கு வந்து திரையைப் பார்க்கச் சொன்னால் நாளைக்கு, நாளைக்கு என்பார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. இரண்டாவது தடவை கேட்க எனக்குக் கூச்சம். கமலவேணி அக்கா போன் போட்டுத் திட்டியதும் ஐப்பசி மழை நாள் ஒன்றில் வந்தார்.

அவருக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்கள் கை நீட்டுவதை அவர் கவனித்துப் பார்த்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரில் போய் நின்றார். என் பக்கம் இருக்கும் சின்னத் திரையில் அவர் முகமும், இரண்டு கண்களைச் சுற்றியும் இரண்டு பச்சை வட்டங்களும் தெரிந்தன. பச்சை வந்தால் கேமரா கண்களைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். தட்டு முன்னால் வந்தது. அவர் கழுத்து அசையவில்லை. விரல் நீண்டது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நேராகப் போய் 'டொக்' என்று கண்ணாடியில் இடித்தது.

"மெதுவாப்பா தம்பி!" என்றாள் அக்கா. "சங்கரி, பாத்துக்கோ. உன் வூட்டுக்காரரு உன் கண்ணு முன்னாடியே வேற ஒருத்திக்குப் பொட்டு வைக்கிறாரு."

கடை முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார். "சூப்பரா இருக்குதுக்கா. அப்பிடியே வெளிய வருது."

"எதுவரைக்கும் வந்துச்சுங்க?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார். "அதான் சொல்றனே. வெளிய." விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வேனுக்கு டீசல் போட வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

கண்ணாடியில் அவர் ரேகை இருந்தது. தட்டின் படம் விழும் இடத்துக்கு நடுவில், தெளிவாக. கேமரா நகர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டம் குறைந்ததும் நானே எதிரில் நின்றேன். தட்டு என் மார்பு வரை வந்தது. கேமராவில் கோளாறு இல்லை. இடது கண்ணைக் கையால் மூடினேன். தட்டு பின்வாங்கிப் போய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, காலண்டர் படம் மாதிரி. விரலை நீட்டினேன். 'டொக்'.

இயந்திரம் அவருக்கு இரண்டு கண்களைக் கண்டுபிடித்திருந்தது. ஒன்றில் வெளிச்சம் போகவில்லை என்பது அதற்குத் தெரியாது.

அன்று பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் வீட்டுக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மோர் ஊற்றும்போது சொம்பின் விளிம்பைத் தம்ளரின் விளிம்பில் வைத்துவிட்டுத்தான் சாய்ப்பார். எவ்வளவு பொறுமை என்று நினைப்பேன். தெருவில் நடந்தால் என்னை எப்போதும் வலது பக்கம் வரச் சொல்வார். இடது பக்கம் நான் போனால் தோளைப் பிடித்து மாற்றிவிடுவார். அன்பு என்று நினைத்திருந்தேன். வேனின் இடது பக்கக் கண்ணாடி இந்த வருஷம் இரண்டு முறை உடைந்திருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது முன்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் போர்ஷனில் அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். துண்டை எடுத்து அவருடைய இடது பக்கம் நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஈர முகத்தோடு கொடியில் துண்டைத் தேடினார். திரும்பியபோது நான் அருகில் நிற்பதைக் கண்டு திடுக்கிட்டார்.

"எவ்ளோ நேரமா நிக்கிற?"

"எந்தக் கண்ணுங்க?"

துண்டை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்துதான் பதில் வந்தது. "லெஃப்ட்டு."

"எப்பத்துலேந்து?"

"பங்குனி உத்திரத்தப்ப. காலைல எழுந்தா ஓரத்துல கறுப்பா துணி தொங்குற மாரி இருந்துச்சு. சரியாயிடும்னு வண்டி எடுத்துக்கினு போயிட்டேன். கொஞ்ச நாள்ல மொத்தமா மூடிக்கிச்சு. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லேட்டுன்னுட்டாங்க."

"இன்னொரு கண்ணு?"

"அதுக்கும் வர சான்ஸ் இருக்குதாம். மாசா மாசம் வந்து காட்டுன்னாங்க."

"காட்டுனீங்களா?"

"காட்டுனா சும்மா உடுவாங்களா? வேல இன்னான்னு கேப்பாங்க. இஸ்கூலுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே சாவிய புடுங்கிப்பாங்க."

பள்ளியில் வருஷா வருஷம் டிரைவர்களிடம் கண் சர்ட்டிபிகேட் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டேன். அவர் சிரித்தார். "எழுத்தெல்லாம் மனப்பாடம்மா. மேலேந்து கீழ வரைக்கும் சொல்றேன், கேக்கிறியா?" இடது கண்ணைத் திறந்து, வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசி வரி வரை தவறில்லை. அந்தக் கண் அழகாக இருந்தது. என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது.

"கொழந்தைங்க இருக்குதுங்க வண்டியில" என்றேன்.

"ரோடு ஒண்ணுதான. அதுக்கு ஒரு கண்ணு போதும்." கையை எடுத்தார். "யார்கிட்டனா சொன்னியா?"

"இல்ல."

"சொல்ல மாட்ட. நீ யார்கிட்ட பேசிக்கினு இருக்கப் போற?" என் கன்னத்தைத் தட்டினார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது.

ஒற்றைக் கண்ணோடு நன்றாக வண்டி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்று போனில் படித்தேன். நிழல், அளவு, எது எதை மறைக்கிறது, இவற்றையெல்லாம் கொண்டு மூளை தூரத்தைப் பழகிக்கொள்ளும். இவரும் பழகியிருப்பார். அது சரி. ஆனால் அந்தக் கறுப்புத் துணி இன்னொரு கண்ணிலும் எந்தக் காலையிலும் இறங்கலாம். முதல் தடவை இறங்கியபோது அவர் வண்டியை நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் ஆயா துர்காதேவி, மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். "நீ வாயேன்" என்றார் இவர். "லெஃப்ட்ல உக்காந்துக்கோ. எதுனா வந்தா சொல்லு. அவ்ளோதான்." சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அந்த யோசனை அவருக்கே பிடித்துப்போயிருந்தது. "பேசாம அந்தக் கடைய உட்டுடு. பொடவ விக்க வரலன்னுதான நீயும் சொல்லிக்கினு இருக்கிற. நீயே வந்துடு. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

கடையில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனேன். விடாத மழை. தாமல் ஏரி, கரையின் மேல்விளிம்பு வரை நிரம்பியிருந்தது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கரையோரமாகத் திரும்பினோம். இடது பக்கம் தண்ணீர். நான் முன்சீட்டில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். சைக்கிள். மாடு. பள்ளம். அவர் மெல்ல விசிலடித்தபடி ஓட்டினார். இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை, "மிஸ், நீங்க புது ஆயாவா? ஆயான்னு கூப்புடவா, மிஸ்ஸுன்னு கூப்புடவா?" என்றது. நான் அதற்குத் திரும்பினேன். அந்த நேரத்தில் இடது பக்கம் பால் கேன் கட்டிய சைக்கிளோடு ஒருவர் கரைச் சரிவில் தடுமாறி இறங்கினார். வேன் அவரை உரசாமல் போனது. எங்களைப் பார்த்து அவர் கத்தியது மழையில் கேட்கவில்லை.

"இன்னா?" என்றார் இவர்.

"ஒண்ணும் இல்லீங்க."

என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவர் விசிலை நிறுத்தினார். புறங்கையால் வலது கண்ணைத் தேய்த்தார். கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடியும் தேய்த்தார்.

"என்னங்க?"

"தூசி."

எல்லா ஜன்னல்களும் மூடியிருந்தன. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. வைப்பர் போய்ப் போய் வந்தது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் சாலையை மட்டும் பார்த்தார், தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதையோ விலக்கிப் பார்ப்பது போல.

திருப்புட்குழியில் ஒரு பெண் குடையோடு நின்றார். பக்கத்தில் மஞ்சள் மழைக்கோட்டில் அவர் மகள். நான் இறங்கினேன்.

"புது ஆளாம்மா நீ? பாத்துக்கோ, இவ ஜன்னலுக்கு வெளிய கைய உடுவா" என்று சொல்லி மகளின் கையை என் கையில் கொடுத்தார். ஈரமான, சில்லிட்ட சின்னக் கை. படி உயரமாக இருந்தது. தூக்கித்தான் ஏற்ற வேண்டும். குழந்தை பழக்கத்தில் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே மற்ற குழந்தைகள் ஆவி படிந்த கண்ணாடியில் மீனும் வீடும் வரைந்துகொண்டிருந்தார்கள்.

நான் தூக்கவில்லை.

"அம்மா" என்றேன்.

"இன்னாம்மா?"

நான் ஏதோ சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

ஹாரன் ஒருமுறை அடித்தது. வேனுக்குள் அவர் எங்களைப் பார்ப்பதற்காக உடம்பையே திருப்பி, முகத்தை முழுக்க இந்தப் பக்கம் கொண்டுவந்தார். மறுபடியும் ஹாரன். இந்த முறை கையை எடுக்காமல் அழுத்தினார்.

"மழையில ஒண்ணும் கேக்கல. கிட்ட வந்து சொல்லு" என்று அந்தப் பெண் குடையை என் தலைக்கு மேலே சாய்த்து, தன் காதை என் பக்கம் கொடுத்தார். ஈரத்தோடு, சிவப்புக் கல் தோடு போட்ட காது. குழந்தை இன்னும் கைகளை மேலே தூக்கியபடி நின்றது. மழைக்கோட்டின் கைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.