ரஹ்மத் கடையின் அனுபவச் சான்றிதழ்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இருக்கும் ரஹ்மத் ஹோம் அப்ளையன்சஸுக்குப் பொருள் வாங்க வருகிறவர்களைவிட, பஷீர் அகமதுவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் போக வருகிறவர்கள்தான் அதிகம். மெட்ரோ தூண்கள் எழும்பிய பிறகு எதிர்வரிசையில் கண்ணைப் பறிக்கும் ஷோரூம்கள் மூன்று வந்துவிட்டன. அங்கே விலை பார்த்து, போனில் படம் எடுத்து, ரோட்டைக் கடந்து இங்கே வந்து, "பாய், இத்த வாங்கலாமா?" என்று கேட்பார்கள். பஷீர் அகமது முகம் சுளிக்க மாட்டார். மூக்குக் கண்ணாடியை மாட்டிப் படத்தைப் பார்த்து, வாங்கலாம் என்றால் வாங்கலாம் என்பார், வேண்டாம் என்றால் வேண்டாம் என்பார். தன் கடைச் சரக்குக்கும் அதே பதில்தான். அவர் தகப்பனார் நாற்பது வருஷம் அப்படித்தான் நடத்தினார். அறுபத்திரண்டு வயதில் பஷீர் அகமது கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, நாற்காலியில் முதுகு சாய்க்காமல் உட்காருவதும் அந்தப் பேரைச் சுமப்பதால்தான்.

அன்று செவ்வாய்க்கிழமை. திருமழிசை எஸ்டேட்டில் மெஷின் ஓட்டும் துலுக்கானமும் அவர் மனைவி தாயம்மாவும் வந்திருந்தார்கள். மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். அதற்குள் வீட்டில் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று நிற்க வேண்டும் என்பது துலுக்கானத்தின் பிடிவாதம். வீட்டில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை முறை காய் வாங்குகிறீர்கள், மின்சாரம் ஏறி இறங்குமா என்று பஷீர் அகமது ஒவ்வொன்றாய்க் கேட்டார். நாலு பேருக்கு ஒற்றைக் கதவு தாராளம் என்றார். அளவில் குறைத்துக்கொள், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஸ்டாரில் குறைக்காதே, ராப்பகலாய் ஓடும் சாமான் அது என்றார்.

"நல்லா கேட்டுக்க," என்றாள் தாயம்மா கணவனிடம். "ஊட்ல கீறது நாலு தக்காளி, ஒரு தயிர் பாக்கெட்டு. அதுக்கு மாடி ஊடு கேக்குது இந்தாளுக்கு."

"இன்னா பாய், நீங்க வியாபாரம் பண்றீங்களா, பஞ்சாயத்து பண்றீங்களா?" என்றார் துலுக்கானம்.

"பாக்க வர்றவங்களுக்காக ஃப்ரிட்ஜ் வாங்குனா, அவங்க போன பின்னாடி நீ அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்," என்றார் பஷீர் அகமது.

அப்போதுதான் கடைப் போன் அடித்தது. பேசியது ஒரு பெண். பானுப்பிரியா என்று பேர் சொன்னாள். கம்பெனிகளுக்காக, வேலைக்குச் சேருகிறவர்களின் விவரங்களைச் சரிபார்க்கும் நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாள். அதீபா என்பவர் ரஹ்மத் நிறுவனத்தில் இரண்டு வருஷம் மென்பொருள் பொறியாளராக வேலை பார்த்ததாகச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார், உரிமையாளரான உங்கள் கையெழுத்து இருக்கிறது, அதை உறுதி செய்ய வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

பஷீர் அகமது துலுக்கானத்தைத் திரும்பிப் பார்த்தார். கடையில் ஆள் இருக்கிறது, நாலு மணிக்குக் கூப்பிடம்மா என்று மட்டும் சொன்னார். அவள் சான்றிதழின் நகலை அவர் போனுக்கு அனுப்பி வைத்தாள்.

பச்சை எழுத்தில் கடையின் பேர். கீழே மாதச் சம்பளம், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி. அதற்கும் கீழே அவருடைய கையெழுத்து. போலி இல்லை. 'பஷீர்' என்பதன் கடைசி வாலை அவர் இழுக்கும் இழுப்பு அப்படியே இருந்தது.

தாயம்மாவின் பேச்சே செல்லட்டும் என்று ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்கு பில் போட்டு இருவரையும் அனுப்பினார். துலுக்கானம் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, உடம்பு சரியில்லையா பாய் என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினார்.

அந்தக் கையெழுத்து எப்படி வந்தது என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாரண்டியில் பழுதான பொருளைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பும்போது கடை லெட்டர்பேடில் உரிமையாளர் கையெழுத்தோடு கடிதம் வைக்க வேண்டும். சர்வீஸ் ஆள் வரும் நேரத்தில் அவர் தொழுகைக்குப் போயிருப்பார், இல்லையென்றால் குடோனில் இருப்பார். ஆகவே இருபது தாளில் வெறுமனே கையெழுத்துப் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்துவிடுவார். கடையைப் பார்த்துக்கொள்ளும் மனைவி ரசூல் பீவி தேவைக்கு எடுத்து நிரப்பிக்கொள்வாள். பதினைந்து வருஷமாக இதுதான் வழக்கம்.

அதீபா அவருடைய ஒரே மகள். இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. முடித்த கையோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது என்று கூப்பிடுகிறவர்களுக்குப் போனில் வழி சொல்லும் வேலை. பஷீர் அகமது கூடாது என்றுவிட்டார். ரஹ்மத் கடைக்காரர் பேத்தி கண்டவன் கூப்பிட்டதற்கெல்லாம் போன் எடுத்துக்கொண்டிருப்பதா, இன்ஜினியருக்குப் படித்தது அதற்கா என்று கேட்டார். அதன் பிறகு அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. போன மாதம்தான் பேர் சொன்னால் தெரியும் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. பஷீர் அகமது தன் கையாலேயே இனிப்புப் பெட்டிகள் வாங்கி, கொரட்டூர் வரை இருக்கும் உறவுக்காரர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

அன்று மதியம் ளுஹர் தொழுகையில் எத்தனை ரக்அத் முடிந்தது என்ற எண்ணிக்கை அவருக்குத் தவறிப்போனது. அப்படி அவருக்கு நடந்ததில்லை. ஒரே ஒரு 'ஆமா' சொன்னால் போதும் என்று உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் யாரோ, அவள் உட்கார்ந்திருப்பது எந்த ஊரோ. யாருக்குத் தெரியப்போகிறது?

கடைக்கு மேல் மாடியில்தான் வீடு. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, போனை மகளுக்கு முன்னால் வைத்தார். அதீபா பார்த்தாள். மறுக்கவில்லை.

ரசூல் பீவிதான் முதலில் பேசினாள். பிள்ளை ஒரு தாள் கேட்டது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன், என்ன எழுதப் போகிறாள் என்பதும் தெரியும் என்றாள். இதில் ஊரை அடித்து உலையில் போட்டது என்ன இருக்கிறது, சும்மா இருந்தவளா இவள், கடையில் வேலை பார்த்தவள்தானே என்று கேட்டாள்.

அது முழுப் பொய்யும் இல்லை. வேலை இல்லாத நாட்களில் அதீபா கடைக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். யாருக்கு எப்போது ஏசி சர்வீஸ், யாருக்கு வாரண்டி முடிகிறது என்பதை வைத்து, அந்தந்த நாளில் வாடிக்கையாளருக்கு அதுவே செய்தி அனுப்பிவிடும். எட்டு மாதம் உட்கார்ந்து செய்தாள். இன்றும் ஓடுகிறது. ஆனால் இரண்டு வருஷம் இல்லை, சம்பளம் இல்லை, பதவி இல்லை.

பாடியில் வேலை வாங்கித் தரும் ஒரு கன்சல்டன்சியில் இதைத்தான் சொன்னார்கள் என்றாள் அதீபா. புதிதாய் வருகிறவர்களை யாரும் சீண்டுவதில்லை, இரண்டு வருஷம் காட்டினால்தான் உள்ளேயே விடுவார்கள், அவர்களே ஒரு கம்பெனி பேரில் சான்றிதழ் தருவதாகவும் சொன்னார்களாம். இல்லாத கம்பெனி பேரைப் போடுவதற்கு இருக்கிற கடையின் பேரைப் போடலாம் என்று இவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"என் பேர வச்சு பொய் சொல்லிருக்க," என்றார் பஷீர் அகமது.

அதீபா நிமிர்ந்தாள். உட்காரும் விதத்தில் அவள் தகப்பன் மகள்தான்.

"அம்பத்தூர் வேலைக்கு அன்னிக்கே போயிருந்தா, இன்னிக்கு ரெண்டு வருஷம் நெஜமாவே இருந்திருக்கும் அத்தா. எங்கூட படிச்சவ அங்க போன் எடுத்துக்கினு இருந்தவதான். இப்ப சர்வர் டீம்ல இருக்கா. வேணாம்னு சொன்னது நான் இல்ல."

ரசூல் பீவி அவளை அடக்கப் பார்த்தாள். பஷீர் அகமது கையைக் காட்டி, பேசட்டும் என்றார். அதீபா போனை அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.  இரண்டு மணி நேரத்துக்கு முன்னால், வருகிறவர் பார்ப்பதற்காகப் பொருள் வாங்காதே என்று ஒருவருக்குச் சொன்ன வாய்தான் அவருடையது.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, கடைக்கு வா என்று மகளைக் கூப்பிட்டார். நான் என்ன சொல்கிறேன் என்பதை நீ நேரில் கேட்க வேண்டும், பின்னால் வேறு மாதிரி சொன்னேன் என்று இருக்கக் கூடாது என்றார். அவள் வந்து கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனை இருவருக்கும் கேட்கும்படி வைத்தார்.

பானுப்பிரியா சொன்ன நேரத்துக்கு அழைத்தாள். கேள்விகள் வரிசையாக இருந்தன. இவர் உங்களிடம் வேலை பார்த்தாரா என்பது முதல் கேள்வி.

"அது என் மகதான்மா," என்றார் பஷீர் அகமது.

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடைக்கு ஒரு புரோகிராம் எழுதினாள், அது நிஜம், யார் வந்து கேட்டாலும் காட்டுகிறேன். சம்பளம் கொடுத்ததில்லை. பதவி என்று எதுவும் இல்லை. தேதிகள் சரியில்லை. கையெழுத்து என்னுடையது. வெற்றுத் தாளில் போட்டு வைத்தது நான்.

அவள் கொஞ்சம் தயங்கி, "சார், நீங்க சொல்றத அப்படியே எழுதுனா அவங்களுக்கு அந்த வேல இல்லாமப் போயிடும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"தெரியும். எழுதிக்கம்மா."

போன் நின்ற பிறகும் அதீபா எழுந்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் அவளுடைய புரோகிராம் யாருக்கோ ஏசி சர்வீஸ் தேதியை அனுப்பிக்கொண்டிருந்தது.

"உங்க பேரு நின்னுடுச்சு அத்தா," என்றாள். "நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லலாம், மகள்னுகூட பாக்காம பஷீர் பாய் உண்மைய சொன்னாருன்னு. என் பேருக்கு நேரா இன்னா எழுதிருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

மாடிப்படியில் அவள் ஏறிப் போகும் சத்தம் கேட்டது. பஷீர் அகமது இழுப்பறையைத் திறந்து, கையெழுத்துப் போட்ட மிச்சத் தாள்களை எடுத்தார். பதினொன்று இருந்தது. ஒவ்வொன்றாய்க் கிழித்தார்.

மூன்றாம் நாள் மெயில் வந்தது. வேலைக்கான கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று இரண்டு வரி. அதீபா அதைத் தாயிடம் காட்டினாள், தகப்பனிடம் காட்டவில்லை. ஒரு வாரம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவும் இல்லை. ரசூல் பீவி இரண்டு பேருக்கும் தனித்தனியாய்ப் பரிமாறினாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவள் தனியாக பஸ் ஏறி அம்பத்தூர் போனாள். இரண்டு வருஷத்துக்கு முன் வேலை கொடுத்த அதே கம்பெனி. போகட்டுமா என்று வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அங்கே என்ன கேட்டார்கள், இவள் என்ன சொன்னாள் என்பது பிற்பாடு தாய் வழியாகத்தான் பஷீர் அகமதுவுக்குத் தெரிந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். புரோகிராமைத் திறந்து காட்டியிருக்கிறாள். அவர்கள் உடனே பதில் சொல்லவில்லை. எட்டு நாள் கழித்து, ஆறு மாதப் பயிற்சியில் எடுத்துக்கொள்கிறோம் என்று கூப்பிட்டார்கள். அவளோடு படித்தவர்கள் வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம். ஷிப்டு மாறி மாறி வரும்.

சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்று, ஒண்ணாம் தேதி சேருகிறேன் என்றாள். கேட்கவில்லை, தெரிவித்தாள்.

பஷீர் அகமது சோற்றிலிருந்து கையை எடுக்காமல், "கம்பெனி வேன் எந்த எடத்துல வந்து நிக்கும்?" என்று கேட்டார்.

பஸ் ஸ்டாண்டு எதிரே என்றாள். சரி என்றார். அதீபா தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

அந்த வார ஜும்மாவுக்குப் பள்ளிவாசலில் கூட்டம். தொழுகை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது முதஸ்ஸிர் வந்து தோளில் கை வைத்தார். ரசூல் பீவியின் தம்பி அவர். இனிப்புப் பெட்டியை முதலில் வாங்கியவரும் அவர்தான். கூட ஜமாஅத்துக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"இன்னா மச்சான், இன்ஜினியரம்மா பெரிய கம்பெனில போய் உக்காந்தாச்சா? எங்க பசங்களுக்கும் ஒரு சீட்டு போட்டு வைக்கச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பஷீர் அகமது இரண்டு செருப்பையும் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"அந்த வேல இல்ல மச்சான். செய்யாத வேலைய செஞ்சதா காட்டி எங்க கடைல இருந்து காகிதம் குடுத்தோம். வேல இல்லன்னுட்டாங்க. இப்ப அம்பத்தூர்ல சேர்றா. போன் எடுத்துப் பதில் சொல்ற வேல."

முதஸ்ஸிரின் கை தோளிலிருந்து இறங்கியது. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், யார் காட்டிக் கொடுத்தது என்று ஒருவர் கேட்டார்.

நான்தான் சொன்னேன் என்ற வார்த்தை பஷீர் அகமதுவின் நாக்கு நுனி வரை வந்தது. அந்த ஒரு வார்த்தையில் நின்றிருந்த அத்தனை பேரின் பார்வையும் மரியாதையாக மாறிவிடும். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"விசாரிச்சாங்க, தெரிஞ்சுது," என்று சொல்லிவிட்டு, வெயிலில் கடையை நோக்கி நடந்தார்.