ஸ்கேல் பிடிக்க ஒரு கை

என் வீட்டுக்காரர் சலாவுதீனுக்கு உலகத்தில் ஆகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: கோணல். சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. தோசையை நான் கரண்டியால் பிய்த்துப் போட்டால்கூட, "நேரா வெட்டிப் போட்டா என்ன கொறஞ்சா போயிரும்?" என்பார். கல்யாணமான புதிதில், இந்த மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறேன் என்று மலைத்துப் போனேன். பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டருக்கு வாழ்க்கைப்பட்டால் இப்படித்தான் இருக்கும் போல என்று பிறகு மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அப்பேர்ப்பட்டவர், தொண்ணூற்று மூன்றாம் வருஷம், சாய்ந்து தொங்கும் காலண்டரைப் பார்த்தபடியே நாளெல்லாம் கட்டிலில் கிடந்தார்.

கம்பெனியில் துணியை அடுக்கடுக்காக மேஜைமேல் விரித்து, கரண்டில் ஓடும் கத்தியால் மொத்தமாக வெட்டுவது அவர் வேலை. வலது கை மிஷினைத் தள்ளும். இடது கை துணியை அமுக்கிப் பிடித்திருக்கும். ஒரு நாள் கத்தி துள்ளிவிட்டது. இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. காயம் நன்றாகவே ஆறிவிட்டது, ஆனால் மனுஷன் கம்பெனிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நான் வெங்காயம் நறுக்க அரிவாள்மனையை எடுத்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். வீட்டுக்குள்ளேயே இடது கையைத் துண்டால் சுற்றி வைத்திருப்பார். உடுமலைப்பேட்டையில் அவருடைய அண்ணன் உமருக்கு மளிகைக்கடை இருக்கிறது. அங்கே போய்விடலாம் என்று ஆரம்பித்தார்.

"சக்கரை நிறுக்க எட்டு வெரல் போதும் சைதூ" என்றார்.

மளிகைக்கடை ஒன்றும் மட்டமில்லை. ஆசைப்பட்டுப் போவதாக இருந்தால் நானே முதல் ஆளாக மூட்டை கட்டியிருப்பேன். இவர் ஓடி ஒளியப் பார்த்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை பிடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன், ரெண்டும் சுவரில் போய் முட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி ஈஸ்வரமூர்த்தி பெரியதோட்டம் ஏரியாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வண்டியில் வந்து இறங்கினார். கையில் ஒரு பெரிய பை.

"ஏனுங்க மாஸ்டர், கை தேவலைங்களா?" என்று கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். "வெளிநாட்டுப் பார்ட்டி ஒண்ணு இதையெல்லாம் அனுப்பியிருக்குதுங்க. பனியன் துணியைச் சதுரஞ் சதுரமா வெட்டி, ஒட்டுப் போட்டு, நடுவுல பஞ்சு வெச்சுக் கொளந்தைக்குப் போர்வையாமா. சாம்பிளுக்கு ஒண்ணு வேணுமுங்க. நீங்க வெட்டி மட்டும் குடுங்க. தைக்கறதை ஆளுவ பாத்துக்குவாங்க."

"வேற ஆளைப் பாருங்க மொதலாளி" என்று இவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று.

வாசலில் முதலாளி என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "அம்மிணி, மாஸ்டர் வருவாருன்னுதான் டேபிளைச் சும்மாவே போட்டு வெச்சிருக்கறேன். இந்த மாசம் போச்சுன்னா ஆர்டர் குவிஞ்சு போயிருமுங்க. அப்பறம் வேற மாஸ்டரைத்தான் போடோணும். தப்பா எடுத்துக்காதீங்க."

நல்ல மனுஷர்மேல் கோபப்படவும் முடியவில்லை. பையை மட்டும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. கம்பெனிகள் ஓடாததால் தெருவே அமைதியாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பையைக் கொட்டினேன். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று. கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் நீள ஸ்கேல் ஒன்று. அப்புறம் அந்தக் கத்தி. பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சோமாஸ் ஓரம் வெட்டுவோமே, சக்கரம் வைத்த கரண்டி, அச்சு அசல் அதேதான். உருட்டினால் வெட்டும். தொட்டுப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. பிளேடைவிடக் கூர்மை.

எனக்குத் தைக்க வரும், வெட்ட வராது. இருந்தாலும் தரையில் உட்கார்ந்து துணியை விரித்தேன். பனியன் துணி சும்மா இருக்குமா? ஓரம் எல்லாம் பாய் மாதிரிச் சுருண்டுகொண்டது. நீவி விட்டால் மறுபடி சுருண்டது.

"கஞ்சி போட்டுத் தேய்க்கோணும்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. முகம் இன்னும் சுவரைத்தான் பார்த்திருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. பேசினால் காரியம் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். சோற்றுக் கஞ்சியைத் தண்ணீர் விட்டு நீர்க்கத் தெளித்து, இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தேன். துணி படிந்து கிடந்தது. அதை இழுத்து, விறைப்பாகப் பிடித்து, ஸ்கேலை வைத்துச் சக்கரத்தை உருட்டினேன். சர்ரென்று போயிற்று. அட, நானும் மாஸ்டர்தான் என்று பூரித்துப்போய்த் துண்டைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் அது சுருங்கிக்கொண்டது.

"ஒரு வெரல்கடை கொறையுதே!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, "எனக்கு ரெண்டு கொறையுது. நான் சொல்லிக்கிட்டா இருக்கறேன்?" என்றார்.

விரல் போன நாளிலிருந்து அவர் வாயில் வந்த முதல் கேலி அது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்தே இருந்தேன்.

"இழுத்துப் புடிச்சு வெட்டுனா அப்படித்தான். அதும்பாட்டுக்குக் கெடக்கட்டும் உடு. கோட்டுமேல ஸ்கேலை வெய்யி. உன்னைப் பாத்து உருட்டாதே, அக்கட்டால தள்ளு" என்றார். இப்போது குரல் பக்கத்தில் கேட்டது. எழுந்து வந்து எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

அவர் சொன்னபடியே செய்தேன். ஒரு கையால் நீள ஸ்கேலை அமுக்கி இன்னொரு கையால் உருட்டும்போது, கையிருக்கும் பக்கம் நிற்கிறது, தூரத்து முனை நழுவிவிடுகிறது. மூன்றாவது துண்டு வெட்டும்போது ஸ்கேல் நன்றாகவே நகர்ந்து, வெட்டு வாழைக்காய் மாதிரி வளைந்துபோனது. இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நிமிர்ந்தேன்.

அவர் திட்டவில்லை. வெட்டைப் பார்க்கவே இல்லை. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஸ்கேல்மேல் இருந்த என் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். காலண்டர் கோணலுக்குச் சோறு இறங்காத மனுஷனுக்குக் கண்ணெதிரே கிடந்த கோணல் தெரியவில்லை.

"போதும், மூடி வெய்யி" என்றார்.

"ஏனுங்க?"

"உன்ற கை..." என்றார். பிறகு கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்து சொன்னார். "என்ற வெரல் போனது போகட்டும் சைதூ. டேபிளுக்கு அந்தப் பக்கம் நின்னு ஹெல்பர் பையன் நல்லான் துணி புடிக்கறான். அவன் கையும் கத்திக்கு நேராத்தான் இருக்குது. எனக்குப் பட்டது அவனுக்குப் பட்டிருந்தா? கண்ணை மூடுனா அவன் கைதான் தெரியுது. நான் எப்படிப் போயி மிஷினைத் தொடுவேன்?"

இத்தனை நாளும் தன் கைக்காகத்தான் பயப்படுகிறார் என்று நினைத்திருந்தேன். கோழை என்றுகூட ஒருமுறை மனதுக்குள் வைதிருக்கிறேன். எழுந்து போய் அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பட்டப்பகல், கதவு திறந்திருந்தது. இருந்தால் இருக்கட்டும்.

பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தேன். "நான் கையை எடுத்துக்கறேனுங்க. அப்ப ஸ்கேலை யாரு புடிக்கறது?" என்று கேட்டேன்.

ஸ்கேலையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். இடது கையில் சுற்றியிருந்த துண்டைப் பிரித்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், சுண்டுவிரல். நடுவில் ரோஸ் நிறத்தில் புதுத்தோல். அந்தக் கையை ஸ்கேல்மேல் வைத்து, "நீ வெட்டு" என்றார்.

இப்போது என் முறை வந்தது. சக்கரத்தைத் துணிமேல் வைக்காமல் கையில் பிடித்தபடியே இருந்தேன். அவர் எதைப் பார்த்து வேர்த்துப்போனார் என்று எனக்கும் புரிந்தது.

"பட்டுருச்சுன்னா என்னங்க பண்றது?"

"மிச்சம் இருக்கறதே மூணு. பாத்து வெட்டு."

துணியில் சக்கரத்தை வைத்து மெல்லத் தள்ளினேன். அரை தூரம்கூடப் போகவில்லை, ஸ்கேல் அசைந்தது. மூன்று விரலுக்கு அமுக்கம் போதவில்லை. அவர் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். கையை எடுத்துவிடுவார் போலிருந்தது. அதற்குள் என் இடது கையை அவர் கைமேல் வைத்து, விரல் இல்லாத இடத்தில் என் விரல்களைப் பதித்து அழுத்தினேன். ஸ்கேல் நின்றது. சக்கரம் எங்கள் ரெண்டு பேர் கைக்கும் பக்கத்திலேயே உருண்டு போய் அந்த முனையைத் தொட்டது.

வெட்டிய துண்டை வலது கையால் எடுத்து விரிப்பின் கோட்டோடு வைத்துப் பார்த்தார். கோடும் வெட்டும் ஒன்றாக இருந்தன. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கத்தியை எங்கிட்டக் குடு" என்று வலது கையை நீட்டினார்.

கொடுத்தேன். அவருக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று என் இடது கையை விலக்கப் போனேன்.

"எடுக்காதே. அங்கயே இருக்கட்டும்."

சக்கரத்தை வைத்தார். மூச்சை இழுத்துப் பிடித்தார். தள்ளினார். நான் எவ்வளவு முயன்றாலும் வராத சத்தம், ஒரே சீராக, நடுவில் எங்கும் நிற்காமல் வந்தது. எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. அடக்கப் பார்த்ததில் தோளும் கையும் குலுங்கின.

"ஏய், கையை ஆட்டாதே" என்று அதட்டினார், தலையைத் தூக்காமலே. "வெட்டிக்கிட்டு இருக்கறேனில்ல?"

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவர் கையை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.